வயர்லெஸ் படுத்துதா? வயரைப் பாருங்க பாஸ்!

மணி மூணே கால். இடம், ஆறுமுகநேரியில் எங்க வீட்டு முன் ரூம். என் லேப்டாப்புக்கு முன்னால பக்கத்து வீட்டுத் தங்கச்சி உட்கார்ந்திருக்கா. ப்ளஸ் டூ முடிச்சு, இன்ஜினீயரிங் கவுன்சலிங்ல முதல் ரவுண்டு. காலேஜ் லிஸ்ட் போட அன்னிக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் அஞ்சு மணியோட ஷட்டர் க்ளோஸ்!

லிஸ்ட் எல்லாம் முந்தின நாளே போட்டாச்சு. ஆனா, அன்னிக்கு மதியம்தான் ஒரு குண்டு வெடிச்சுது. நம்பர் ஒன் சாய்ஸா அவ போட்டிருந்தது நம்ம பக்கத்துக் காலேஜே இல்லை. கிட்டத்தட்ட அதே பேர்ல, நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேற ஒரு காலேஜ்! (தமிழ்நாட்டுல ஒரே மாதிரி பேர்ல எத்தனை இன்ஜினீயரிங் காலேஜ் இருக்குன்னு என்னிக்காவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா? பேரைப் பார்க்காதீங்க, கோடு நம்பரைப் பாருங்கன்னு சீனியர்ஸ் கத்துறது சும்மா இல்லை.) அதைத் தூக்கிட்டு சரியான நம்பரைப் போடணும். ரெண்டே நிமிஷ வேலை. விட்டா, அஞ்சு மணிக்கு என்ன லிஸ்ட் இருக்கோ அதுவே முடிவு.

அவங்க அம்மா உப்பளத்துல வேலை பார்க்கிறாங்க. விடியறதுக்கு முன்னாடி போயிட்டு மத்தியானம் திரும்புறவங்க. அன்னிக்கு சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகாம, எங்க வீட்டு நடைப்படியில வந்து உட்கார்ந்திருந்தாங்க.

சரியா அந்த நேரம் பார்த்து வை-ஃபை மண்டையைப் போட்டுது.

'ஒண்ணும் பயப்படாதே, அண்ணன் இருக்கேன்ல'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். பின்னே? நான் யாரு? மூணாவது வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். ஆன்டெனா தியரி எல்லாம் கரைச்சுக் குடிச்சவன். (அரியர் வெச்சுக் குடிச்சேன், அது வேற கதை.)

வை-ஃபை பேர் தெரியும். கனெக்ட் ஆகும். பேஜ் பாதி திறக்கும். திடீர்னு பேரே காணாமப் போகும். ரெண்டு நிமிஷத்துல திரும்ப வரும். மறுபடி அதே கதை. நானும் சளைக்கலை. லேப்டாப்ல 'ஃபர்கெட் நெட்வொர்க்' கொடுத்தேன். பாஸ்வேர்டைத் திரும்ப அடிச்சேன். ஏரோப்ளேன் மோடு போட்டு எடுத்தேன். பக்கத்து வீட்டு வை-ஃபையோட சண்டையா இருக்கும்னு சேனலை மாத்தப் போனேன். அந்தப் பக்கமும் பாதியில தொங்குச்சு. மணி நாலு. கடைசியா, சினிமாவுல ஹீரோ சிவப்பு வயரை வெட்டுவாரே, அந்த ரேஞ்சுக்கு ஒரு முடிவெடுத்தேன். ரவுட்டர் பின்னால குட்டியா ஒரு ஓட்டை இருக்குமே, ரீசெட்டுன்னு... ஒரு ஊக்கை எடுத்து, அதுல குத்தி, பத்து செகண்ட் அழுத்தினேன்.

போச்சு!

ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற. ரீஸ்டார்ட்னா ரவுட்டர் தூங்கி எழுந்திருக்கிறது. ரீசெட்னா அதுக்கு மொத்தமா ஞாபகமே போயிடறது. நம்ம வை-ஃபை பேரு, பாஸ்வேர்டு மட்டும் போனா பரவாயில்லை. லைன் கொடுக்க வந்த அண்ணன் உள்ளே தட்டி வெச்சுட்டுப் போன யூஸர் நேம், பாஸ்வேர்டும் சேர்ந்து காலி. அது இல்லாம ரவுட்டரால வெளி உலகத்தோட பேசவே முடியாது. அது என்னன்னு வீட்டுல யாருக்கும் தெரியாது. கஸ்டமர் கேர்ல மியூசிக் மட்டும் நல்லா வாசிச்சாங்க.

"ஆயிருமா தம்பி?"ன்னு படியில இருந்து ஒரு குரல். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

"ஆயிரும் சித்தி"ன்னேன். வாய்தான் சொல்லுச்சு.

அப்புறம்தான் மூளைக்கு உறைச்சுது, கையில இருக்கிற மொபைலோட ஹாட்ஸ்பாட். முக்கால் மணி நேரமா அந்த நினைப்பே வரலை. பிரச்னையைத் தீர்க்கிறதுல இருந்த வெறியில, அந்தப் பொண்ணோட வேலை முடியணும்கிறதே மறந்துபோச்சு! காங்க்ரீட் வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு புள்ளிதான். லேப்டாப்பைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம். வெயில்ல ஸ்கிரீனே தெரியலை. நான் துண்டைப் பிடிச்சு நிழல் கொடுக்க, அவ கோடு நம்பரை ஒவ்வொண்ணா வாசிச்சுச் சரிபார்த்து மாத்தினா. நாலு நாற்பத்திரண்டுக்கு 'சேவ்' ஆச்சு.

இப்ப அந்த வை-ஃபைக்கு என்னதான் ஆச்சு? அன்னிக்கு ராத்திரி பெரியப்பா வந்தார். மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கார். படிச்சது எட்டாவது. நான் பேண்ட்விட்த், இன்டர்ஃபெரன்ஸ்னு மூச்சு விடாம விளக்கினதை எல்லாம் பொறுமையாக் கேட்டார். எழுந்து போய் ரவுட்டரைப் பார்த்தார். அடாப்டர்ல இருந்து வர்ற வயரை, ரவுட்டரில் சொருகியிருக்கிற இடத்துல, ஒரு விரலால லேசா ஆட்டினார். எல்லா லைட்டும் 'பொசுக்'குன்னு அணைஞ்சு திரும்ப வந்துச்சு.

"ஏல, கம்பியில்லாதது, கம்பியில்லாததுங்க... இது என்ன? கம்பிதானே?"

பின்னை உருவிக் காட்டினார். மேலெல்லாம் பச்சைப் பசேல்னு களிம்பு. கடையிலிருந்து உப்புத்தாளை எடுத்துட்டு வரச் சொன்னார். லேசா நாலு தேய் தேய்ச்சு சொருகினார். அதுக்கப்புறம் அந்த ரவுட்டர் ஒரு தடவைகூட அணையலை. உப்பு வெச்ச சூன்யத்தை உப்புத்தாள்தான் எடுக்கணும்போல!

உப்புக் காத்தும் ஓம்ஸ் லாவும்

இது ஏதோ எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. கடலோரத்துல இருக்கிற எல்லா ஊருக்கும் இதே பாடுதான். ஆறுமுகநேரியைச் சுத்தி உப்பளம். அந்தப் பக்கம் காயல்பட்டினம், கடல். காத்துல கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூசி எப்பவும் மிதந்துட்டே இருக்கும். உப்புக்கு ஒரு கெட்ட பழக்கம், காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினா, அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைஞ்சு தண்ணியாயிடும். நம்ம கடற்கரையில ராத்திரி ஆனா அந்த அளவு சர்வ சாதாரணம். அப்போ உலோகத்து மேல என்ன படியுது? மெலிசா ஒரு உப்புத் தண்ணிப் படலம். அதுல கரன்ட்டும் ஓடினா கேட்கவே வேண்டாம். பித்தளையில இருக்கிற செம்பு அரிச்சு பச்சையாயிடும். மார்கழிப் பனியில எங்க தெரு மின்கம்பத்துல 'சர்ர்ர்'னு சத்தம் வருமே, அதுவும் இதே உப்பு, பீங்கான் மேல படிஞ்சு செய்யற வேலைதான்.

சரி, களிம்பு பிடிச்சா ரவுட்டர் ஒரேயடியா செத்துத்தானே போகணும்? ஏன் விட்டு விட்டு வேலை செய்யுது? இங்கதான் பத்தாங்கிளாஸ் ஓம்ஸ் லா வருது. ரவுட்டருக்கு 12 வோல்ட் வேணும்னு வெச்சுக்குங்க. சும்மா இருக்கும்போது அது கொஞ்சமாத்தான் கரன்ட் இழுக்கும், அரை ஆம்பியர்னு வெச்சுக்கலாம். களிம்பு ரெண்டு ஓம் தடையா நின்னா, வழியில ஒரு வோல்ட் காணாமப் போகும். ரவுட்டருக்கு 11 கிடைக்கும். சமாளிச்சுக்கும். நீங்க வீடியோ கால் போடறீங்க, ஃபைல் அனுப்பறீங்க... ரவுட்டர் மூச்சு முட்ட வேலை பார்க்குது, ஒரு ஆம்பியர் இழுக்குது. இப்போ ரெண்டு வோல்ட் காலி. 10 வோல்ட்டுல அதுக்கு மயக்கம் வந்து, விழுந்து, திரும்ப எழுந்திருக்கும். எழுந்து நிக்க ஒண்ணு, ரெண்டு நிமிஷம். அதனாலதான் சும்மா இருக்கும்போது நல்லா இருக்கிற வை-ஃபை, முக்கியமான நேரத்துல கரெக்டா கவுத்துது. விதி இல்லை பாஸ், வோல்ட்டேஜ்!

ஒரு எச்சரிக்கை. உப்புத்தாள் வைத்தியம் முதலுதவி மட்டும்தான். பின் மேல இருக்கிற பளபளப் பூச்சும் சேர்ந்து தேய்ஞ்சு போறதால, அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். பிளக்கைக் கழட்டிட்டுத்தான் கையை வைக்கணும்னு சொல்லவே வேண்டாம். புது அடாப்டர் வாங்கும்போது பழசு மேல எழுதியிருக்கிற வோல்ட் அப்படியே இருக்கணும். ஆம்பியர் அதே அளவோ, கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின் நுழையுதேங்கிறதுக்காக 9 வோல்ட் அடாப்டரைச் சொருகிட்டு 'நெட் ஸ்லோ'ன்னு புலம்புற ரூம்மேட் எனக்கு இருக்கான்.

தேனியில ஒரு வை-ஃபை... 15 கிலோமீட்டர்!

நம்ம வை-ஃபை பக்கத்து ரூமுக்கே எட்டலை. 15 கிலோமீட்டருக்கு எட்டின வை-ஃபை ஒண்ணு இதே தமிழ்நாட்டுல இருந்தது தெரியுமா? 2000-களின் நடுவுல, தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்காக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் போட்டது. பேராசிரியர் எரிக் ப்ரூவர் தலைமையிலான குழு. சுத்துப்பட்டு ஊர்கள்ல சின்னச் சின்னதா கண் பரிசோதனை மையங்கள். அங்கே டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதிப்பார். வை-ஃபை வழியா வீடியோவுல தேனியில இருக்கிற டாக்டர் பேசி, 'சொட்டு மருந்து போதும்', இல்லே 'ஆபரேஷனுக்கு வாங்க'ன்னு சொல்வார். ஒரு பாட்டி பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுட்டு வர்றது மிச்சம்.

நாம கடையில வாங்குற அதே வகை வை-ஃபை டெக்னாலஜிதான். உயரமான டவர்கள்ல, ஒரே திசையைப் பார்க்கிற ஆன்டெனா மாட்டி, ஒரு கிலோமீட்டர்ல இருந்து 15 கிலோமீட்டர் வரைக்கும் இணைச்சாங்க. ஆனா, சும்மா இணைச்சா ஓடாது. ஏன்னா வை-ஃபை ஒரு சந்தேகப் பிராணி. ஒரு தகவலை அனுப்பிட்டு, 'வந்துச்சு'ன்னு மறுமுனை சொல்றதுக்காக ரொம்பக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். பதில் வரலைன்னா தொலைஞ்சு போச்சுன்னு முடிவு கட்டி மறுபடி அனுப்பும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளியின் வேகத்துலேயே 100 மைக்ரோ செகண்ட் ஆகும். வீட்டுக்குள்ள பழகின வை-ஃபைக்கு அவ்வளவு பொறுமை ஏது? அதனால 'நீ பேசற நேரம் இது, நான் பேசற நேரம் இது'ன்னு முறை வெச்சுப் பேசற மாதிரி அந்த விதியையே மாத்தி எழுதினாங்க. அதுக்கு 'வைல்டுநெட்'னு பேர் வெச்சு 2007-ல ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க.

ஆனா, எனக்குப் பிடிச்சது 2008-ல அவங்க எழுதின அடுத்த கட்டுரை. இவ்வளவு பெரிய மூளைக்காரங்க, வருஷக்கணக்கா நெட்வொர்க்கை ஓட்டிப் பார்த்துட்டு என்ன பெரிய எதிரின்னு சொன்னாங்க தெரியுமா? மரம் இல்லை, மழை இல்லை, தூரமும் இல்லை. கரன்ட்! கரன்ட் இல்லாததைக்கூட பேட்டரி வெச்சுச் சமாளிச்சுடலாமாம். வர்ற கரன்ட் ஒழுங்கா வராம எகிறுவதும் விழுவதுமா இருந்ததுதான் கருவிகளை எரிச்சிருக்கு, உள்ளே இருக்கிற மெமரி கார்டைக் கெடுத்திருக்கு. சுத்தமான கரன்ட்டுக்கு ஆகிற செலவுதான் நிஜமான செலவுன்னு எழுதியிருக்காங்க. இன்னொண்ணு, எங்கே பழுதுன்னு உள்ளூர் ஊழியர்களே கண்டுபிடிக்கப் பழகினதுக்கு அப்புறம்தான் அந்த நெட்வொர்க் சொந்தக் கால்ல நின்னுது. பெர்க்லி கண்டுபிடிச்சதைத்தான் எங்க பெரியப்பா ஒரு விரலால கண்டுபிடிச்சார்னு நான் காலேஜ்ல சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான்.

எந்த ஸ்டாப்புல பஸ் நின்னுச்சு?

உங்க வேலை, பழுது எங்கேன்னு கண்டுபிடிக்கறதுதான். உங்க மொபைல்ல இருந்து கூகுள் வரைக்கும் நாலு ஸ்டாப். மொபைல் அல்லது லேப்டாப், அடுத்து ரவுட்டர், அடுத்து தெருவுல போற லைன், அப்புறம் வெளியுலகம். முழுசா நாலு கோடு காட்டுற வை-ஃபை சிம்பல் இருக்கே, அது முதல் ஸ்டாப்புக்கும் ரெண்டாவது ஸ்டாப்புக்கும் நடுவுல ரோடு நல்லா இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. அதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் தெரியாது.

இதை நாங்க மறக்க முடியாத மாதிரி கத்துக்கிட்டது 2023 டிசம்பர்ல. 17, 18 தேதிகள்ல கொட்டின மழை ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோட ஸ்ரீவைகுண்டத்துல சிக்கி நின்னுதே, அந்த வெள்ளம். எங்க வீட்டுல இன்வெர்ட்டர் தயவுல ரவுட்டர் ஓடிட்டு இருந்தது. வை-ஃபை நாலு கோடும் ஃபுல். ஆனா, ஒரு மெசேஜ்கூட போகலை. துபாய்ல இருக்கிற மாமாவுக்கு 'நல்லா இருக்கோம்'னு ஒரு வார்த்தை அனுப்ப அம்மா அந்த நாலு கோட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. "ஃபுல்லாத்தானலே இருக்கு!"

எங்கே நின்னுச்சுன்னு பார்க்க ஒரு எளிய வழி இருக்கு. முதல்ல எழுந்து போய் ரவுட்டர் முகத்தைப் பாருங்க. (நான் முக்கால் மணி நேரம் செய்யாத ஒரே வேலை இதுதான்.) லைட்டே இல்லை, அல்லது அணைஞ்சு அணைஞ்சு வருதுன்னா பவர். அடாப்டர், சுவிட்ச்போர்டு, வயர்னு அந்தப் பக்கம் போங்க. ஃபைபர் லைன்காரங்க 'எல்.ஓ.எஸ்'னு போட்ட லைட் சிவப்பா சிமிட்டுதான்னு பாருங்க. சிமிட்டினா ஒளியே உள்ளே வரலைன்னு அர்த்தம். வீட்டுக்குள்ள ஃபைபர் வயர் கதவிடுக்குல நசுங்கியிருக்கா, கூர்மையா மடங்கியிருக்கான்னு பார்த்துட்டு, இல்லைன்னா கம்ப்ளைன்ட் கொடுத்துட்டுப் படுங்க. நீங்க ரவுட்டரை நூறு தடவை ஆஃப் பண்ணினாலும் அறுந்த வயர் ஒட்டாது. உள்ளே வெளிச்சம் வருதான்னு அந்த ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்க்கிற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். அது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

லைட் எல்லாம் ஒழுங்கா இருக்கா? லேப்டாப்ல கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'பிங்'னு அடிச்சு ஒரு இடம் விட்டு ரவுட்டரோட நம்பரைப் போடுங்க. பெரும்பாலும் 192.168.1.1 இல்லே 192.168.0.1. பதில் வந்தா ரெண்டாவது ஸ்டாப் வரைக்கும் ஓ.கே. அடுத்து பிங் 8.8.8.8. இது கூகுளோட ஒரு சர்வர் நம்பர். இதுக்கும் பதில் வந்தா, உங்க நெட் வெளியுலகம் வரைக்கும் போகுது. அப்பவும் சைட் திறக்கலைன்னா, பேரைச் சொன்னா நம்பரைத் தேடித் தர்ற டெலிபோன் டைரக்டரி மாதிரி ஒண்ணு இருக்கு, டி.என்.எஸ்-னு பேர், அதுதான் தூங்குது. நெட்வொர்க் செட்டிங்ஸ்ல டி.என்.எஸ் இடத்துல அந்த 8.8.8.8-ஐயே போட்டுட்டா வேலை முடிஞ்சுது. ரெண்டே ரெண்டு கமாண்ட். அஞ்சு நிமிஷம். இதைச் செஞ்சுட்டு கஸ்டமர் கேருக்குப் பேசினா, 'ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா ஸார்?' கட்டத்தை கெத்தாத் தாண்டலாம்.

ரீஸ்டார்ட் பண்றது தப்பில்லை, அடிக்கடி அது நிஜமாவே வேலை செய்யும். ஆனா, ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணாம ஒரு அரை நிமிஷம் விடுங்க. உள்ளே கெபாசிட்டர்ல மிச்சம் இருக்கிற கரன்ட் வடியணும்.

ஹாஸ்டல் வை-ஃபைன்னு ஒரு தனி ஜாதி

ஹாஸ்டல்ல இருக்கிறவங்க 'எங்க பிரச்னையே வேற'ன்னு முறைக்கிறது தெரியுது. அங்கே ரவுட்டர் உங்க கையில இல்லை, எங்கேயோ காரிடார் கூரையில பல்லி மாதிரி ஒட்டிட்டு இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு கனெக்ட் பண்ணினா 'ஐ.பி. அட்ரஸ் பெறுகிறது... பெறுகிறது...'ன்னு சுத்திட்டே இருக்கா? லேப்டாப்ல 'ஐபிகான்ஃபிக்' அடிச்சுப் பாருங்க. 169.254-ல ஆரம்பிக்கிற நம்பர் வந்தா, உங்களுக்கு யாரும் சீட் தரலை, நீங்களே தரையில துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கீங்கன்னு அர்த்தம். நம்பர் கொடுக்கிற சர்வர் கிட்ட நம்பர் தீர்ந்து போயிருக்கலாம். ஆளுக்கு ஒரு மொபைல், ஒரு லேப்டாப், ஒரு வாட்ச்... எங்கே போவான் அவன்?

இதுல நாமளே நமக்கு வெச்சுக்கிற ஆப்பு ஒண்ணு உண்டு. இப்போ வர்ற மொபைல்கள் உங்க அடையாளத்தை மறைக்க, தன்னோட மேக் அட்ரஸை மாத்தி மாத்திச் சொல்லும். நல்ல விஷயம்தான். ஆனா, 'ஒருத்தருக்கு ரெண்டு டிவைஸ்'னு கணக்கு வெச்சிருக்கிற காலேஜ் சர்வர், ஒரே மொபைலை மூணாவது ஆளுன்னு நினைச்சு வெளியே தள்ளிடும். அந்த ஒரு வை-ஃபைக்கு மட்டும் செட்டிங்ஸ்ல 'டிவைஸ் மேக்'னு மாத்தி வைங்க. லாகின் பேஜே வரலையா? பிரவுசர்ல பூட்டுப் போட்ட, அதாவது ஹெச்.டி.டி.பி.எஸ் சைட்டா திறந்துட்டே இருப்பீங்க. நடுவுல புகுந்து லாகின் பேஜைக் காட்ட காலேஜ் சர்வரால முடியாது. பூட்டு இல்லாத சாதா சைட் ஒண்ணைத் திறங்க, குதிச்சு வரும். அப்படியும் 'பாதுகாப்பில்லை'ன்னு மிரட்டினா, லேப்டாப்ல தேதியைப் பாருங்க. உள்ளே இருக்கிற பேட்டரி செத்துப் போய், நாலு வருஷம் பின்னாடி போயிருக்கும்.

ரூம்ல சொந்த ரவுட்டர் வெச்சிருக்கிற மகராசன்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 13 சேனல் காட்டுதேன்னு மூணையோ நாலையோ போடாதீங்க. ஒண்ணுக்கொண்ணு இடிக்காம நிக்கக் கூடியது 1, 6, 11 மூணும்தான். நீங்க 3-ல போய் நின்னா, 1-லயும் 6-லயும் இருக்கிறவன் ரெண்டு பேரோடயும் இடிச்சுப்பீங்க. பக்கத்துலேயே இருந்தா 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போயிடுங்க, கூட்டம் கம்மி. அது சுவரைத் தாண்ட மட்டும் சோம்பேறி. அப்புறம் ரவுட்டரைப் பீரோ மேல, ஃப்ரிட்ஜ் பின்னால, தண்ணி டிரம் பக்கத்துல வைக்காதீங்க. இரும்பு திருப்பி அடிக்கும், தண்ணி குடிச்சுடும். எங்க வீட்டுல அது ரொம்ப நாளா சாமி படத்துக்குப் பின்னால இருந்தது. அம்மாகிட்ட இடம் மாத்தச் சொல்லிக் கேட்டு வாங்கினதுதான் என் வாழ்க்கையில நான் ஜெயிச்ச ஒரே டெக்னிக்கல் விவாதம்.

லைன் கொடுத்த அண்ணன் மறுநாள் காலையில போனை எடுத்தார். காணாமப் போன யூஸர் நேமைச் சொன்னார். இப்போ அது எங்க வீட்டு காலண்டர் பின்னால பேனாவால எழுதியிருக்கு, பால் கணக்குக்குக் கீழே.

தங்கச்சிக்கு முதல் சாய்ஸ் கிடைக்கலை, மூணாவதா போட்டது கிடைச்சுது. பஸ்ல போயிட்டு வர்ற தூரம்தான். எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். போன வாரம் வந்து, "அண்ணே, ஓம்ஸ் லா எல்லாம் இன்னும் நடத்துறாங்க"ன்னு சிரிச்சா. சித்தி ஒரு பை நிறைய கல்லுப்பு கொடுத்துவிட்டிருந்தாங்க.

ரவுட்டர்ல அந்த ரீசெட் ஓட்டை மேல பெரியப்பா கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சாக்பீஸால என் பேரை எழுதி, பக்கத்துல பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிருக்கார்.